ஆர்வியில் பாலைவனக் குகைகள்: கார்ல்ஸ்பேடா, கார்ச்னரா? அப்பா அம்மாவுடன் போகிறோம்

நெல்லைக்காரன்:
வணக்கம். நாங்கள் டல்லஸில் இருக்கிறோம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், ஜூலை வரை இருப்பார்கள். 25 அடி ஆர்வி (படுக்கையும் சமையலறையும் உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நியூ மெக்சிகோ, அரிசோனா பக்கம் பத்து நாள் போய்வர ஆசை. எல்லாரும் கிராண்ட் கேன்யன் போகச் சொல்கிறார்கள். அப்பா கேட்டது குகை. தாழையூத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். "கல்லை வெளியே நின்னு உடைச்சிருக்கேன், உள்ளே போய்ப் பார்த்ததில்லையே" என்றார். அதற்கு மேல் எனக்கு வேறு காரணம் வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு இரண்டு முழங்காலிலும் வலி உண்டு. அம்மா நன்றாக நடப்பார். மகளுக்கு ஆறு வயது. ஏப்ரல் முதல் வாரம் போகலாம், இல்லையென்றால் ஜூன் முதல் வாரம். நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பேடா, அரிசோனாவின் கார்ச்னரா, எந்தக் குகை, எந்த மாதம்? ஆர்வி ஓட்டிப் பழக்கமில்லை, அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

பாலைக்கிளி:
நான் அரிசோனாவின் டூசானில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன், அதனால் கார்ச்னர் பற்றிச் சொல்கிறேன். உங்கள் கேள்விக்கான பதிலை வௌவால்கள்தான் முடிவு செய்யும்.

கார்ச்னரில் இரண்டு சுற்று இருக்கிறது. ஒன்று பெரிய அறை, இன்னொன்று ரொட்டண்டா என்ற அறையும் சிம்மாசன அறையும். பெரிய அறையை ஏப்ரல் நடுவில் மூடினால் அக்டோபர் நடுவில்தான் திறப்பார்கள். அந்த மாதங்களில் தாய் வௌவால்கள் அங்கே வந்து குட்டி போடும். மனிதர்கள் உள்ளே போனால் அவை மிரண்டு இடத்தையே விட்டுவிடும் என்பதால் ஒருவரையும் விடுவதில்லை. கார்ல்ஸ்பேடில் கதை நேர்மாறு. அங்கே கோடையில்தான் வௌவால் கூட்டம் கூட்டமாகப் பறப்பதைப் பார்க்க ஊரே கூடும், மே கடைசியிலிருந்து அக்டோபர் வரை. குளிர்காலத்தில் அவை மெக்சிகோவுக்குப் போய்விடும்.

ஆக, ஏப்ரலில் வந்தால் கார்ச்னர் முழுக்கத் திறந்திருக்கும், கார்ல்ஸ்பேடில் வௌவால் காட்சி இருக்காது. ஜூனில் வந்தால் கார்ல்ஸ்பேடில் வானம் நிறைய வௌவால், கார்ச்னரில் பாதிக் கதவு பூட்டு. இரண்டையும் ஒரே பயணத்தில் முழுசாகப் பார்க்க உங்கள் இரண்டு தேதியிலும் வழியில்லை.

ஆனால் ஒன்று. பெரிய அறைக்கு ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடமாட்டார்கள். உங்கள் மகளுக்கு ஆறு. ஒருவர் அவளோடு வெளியே உட்கார வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால் ஜூன் என்பேன்.

மேற்குக்காற்று:
டெக்சஸின் மிட்லண்டில் எண்ணெய் வயலில் வேலை. கார்ல்ஸ்பேடுக்கு ஆறேழு தடவை போயிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் நாள் போதாமல்தான் திரும்பினேன்.

தம்பி, அப்பா சுண்ணாம்புக்கல் குவாரிக்காரர் என்றதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. அவருக்குச் சொல்லுங்கள்: உலகத்தில் பெரும்பாலான சுண்ணாம்புக் குகைகளை மழைத் தண்ணீர்தான் மேலிருந்து அரித்து உண்டாக்கியது. மண்ணிலிருக்கும் கரியமில வாயு கலந்த மெல்லிய அமிலம் அது. கார்ல்ஸ்பேட் அப்படி இல்லை. அங்கே அமிலம் கீழேயிருந்து வந்தது. சுமார் 26 கோடி வருடத்துக்கு முன்னால் இந்த இடம் கடல். அதன் கரையோரம் கடலுயிர்களால் வளர்ந்த திட்டுதான், இந்தக் குகை இருக்கும் இப்போதைய குவாடலூப்பே மலை. பக்கத்துப் படுகையில் உள்ள எண்ணெயிலும் வாயுவிலும் இருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு கசிந்து மேலே ஏறி, ஆக்சிஜன் உள்ள நிலத்தடி நீரோடு சேர்ந்து கந்தக அமிலமாகிவிட்டது. அது சுண்ணாம்புப் பாறையைத் தின்றுதான் அவ்வளவு பெரிய அறைகள் உண்டாயின. அமிலம் சுண்ணாம்பைத் தின்றால் மிச்சம் என்ன வரும் என்று அப்பாவிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும்.

நாங்கள் வேலை செய்யும் கிணறுகளில் அதே வாயுவுக்குப் பயந்துதான் சட்டையில் அலாரம் மாட்டிக்கொண்டு நடக்கிறோம். குகைக்குள் போய் நிற்கும்போது இதை நினைக்காமல் இருக்க என்னால் முடிவதில்லை.

அதே எண்ணெயால் உங்களுக்கு வேறு இரண்டு சங்கடங்கள் உண்டு. ஒன்று லாரிகள். 285ஆம் நெடுஞ்சாலையைத் தவிர்த்துவிடுங்கள், பழக்கமில்லாத கையில் ஆர்வியோடு அங்கே போக வேண்டாம். இன்னொன்று, கார்ல்ஸ்பேட் ஊரில் உள்ள ஆர்வி பார்க்குகளில் பாதி எண்ணெய் வயல் ஆட்கள்தான் மாதக் கணக்கில் தங்கியிருப்பார்கள். இடம் கிடைப்பது கஷ்டம், வாடகையும் அதிகம். முன்னாடியே பதிவு செய்யுங்கள். குகை இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் ஆர்வியில் இரவு தங்க முடியாது. வாசலில் இருக்கும் ஒயிட்ஸ் சிட்டியில் ஹூக்-அப் (வண்டிக்கு மின்சார, தண்ணீர் இணைப்பு) உள்ள இடம் இருக்கிறது. அங்கிருந்து 7 மைல் வளைந்து வளைந்து மேலே ஏறினால் பார்வையாளர் மையம். சாலை நன்றாக இருக்கும், ஆர்வி நிறுத்தவும் இடம் உண்டு. வால்நட் கேன்யன் சுற்றுப்பாதை என்று ஒரு சரளைச் சாலை பிரியும், அதில் மட்டும் ஆர்வியைத் திருப்பிவிடாதீர்கள்.

நாடோடிக்குடும்பம்:
கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். கார்ல்ஸ்பேட் அவசியம் பார்க்க வேண்டியது, அதில் பேச்சே இல்லை. ஆனால் அங்கிருந்து கார்ச்னருக்கு 400 மைலுக்கு மேல். வயதானவர்களையும் குழந்தையையும் ஆர்வியில் உட்கார வைத்து அவ்வளவு தூரம் ஓட்டிப்போய், ஒன்றரை மணி நேரச் சுற்று. கேமரா கூடாது, போன் கூடாது, பை கூடாது, தண்ணீர் பாட்டில்கூட கூடாது. நாங்கள் போனபோது என் பையன் வெளியே வந்ததும் "ஒரு படம்கூட இல்லையா" என்று அழுதான். ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்குக் காட்ட ஒன்றுமே இல்லை. அந்த நாட்களை கார்ல்ஸ்பேடிலும், நியூ மெக்சிகோவிலேயே இருக்கும் ஒயிட் சாண்ட்ஸ் வெள்ளை மணல்மேடுகளிலும் செலவிடுவதுதான் நல்லது என்று உறுதியாக நினைக்கிறேன்.

பாலைக்கிளி:
உங்கள் பையனின் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தக் கட்டுப்பாடுகளைத் தனியாக எடுத்துப் பார்த்தால் கார்ச்னர் புரியாது.

1974 நவம்பரில் கேரி டெனன், ராண்டி டஃப்ட்ஸ் என்று இரண்டு இளைஞர்கள் பென்சன் ஊர்ப் பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி, சின்ன இடுக்கு வழியாக ஈரக் காற்று வருவதை உணர்ந்து, தவழ்ந்து உள்ளே போனார்கள். ஒரு காலடித் தடம்கூட இல்லாத, இன்னும் தண்ணீர் சொட்டி வளர்ந்துகொண்டிருக்கும் குகை. அவர்கள் செய்த முதல் காரியம், யாரிடமும் சொல்லாமல் இருந்தது. வெளியே தெரிந்த குகைகளில் ஆட்கள் புகுந்து கல்விழுதுகளை உடைத்துக்கொண்டு போவதைப் பார்த்தவர்கள் அவர்கள். நான்கு வருடம் கழித்து, 1978இல், நிலத்துக்குச் சொந்தமான கார்ச்னர் குடும்பத்திடம் சொன்னார்கள். அந்தக் குடும்பமும் வாயைத் திறக்கவில்லை. 1988இல் மாநிலமே நிலத்தை வாங்கச் சட்டம் வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. பதினான்கு வருடம்! அப்புறமும் உடனே திறந்துவிடவில்லை. உள்ளே ஈரம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று அளந்து, வெளியின் வறண்ட காற்று நுழையாதபடி வரிசையாகக் காற்றுக் கதவுகள் போட்டு, 1999 நவம்பரில்தான் திறந்தார்கள்.

வெளியே பாலைவனம், உள்ளே ஈரப்பதம் 99 விழுக்காடு. கதவு சரியில்லையென்றால் குகை காய்ந்து செத்துப்போகும். உள்ளே நுழையும்போது உங்கள் மேல் பனிபோல நீரைத் தூவுவார்கள், துணியிலிருந்து நூல்பிசிறு உதிராமல் இருக்க. போட்டோ எடுக்க ஒவ்வொருவரும் நின்றால் கூட்டம் உள்ளே இருக்கும் நேரமும் கூடும். எனக்கு அங்கே போன் இல்லாமல் நின்ற ஒன்றரை மணி நேரம் மிகப் பிடித்த ஒன்று. 21 அடிக்கு மேல் நீளமாக, ஒரு உறிஞ்சுகுழல் தடிமனில், மேலிருந்து தொங்கும் கல் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தபோது மூச்சு விடவே தயக்கமாக இருந்தது.

நெல்லைக்காரன், அங்கேயே மின்சாரமும் தண்ணீரும் உள்ள கேம்ப்கிரவுண்ட் இருக்கிறது. குகைப் பாதை சக்கர நாற்காலி போகும்படி சரிவாகப் போட்டது, படிக்கட்டு இல்லை. அப்பாவின் முழங்காலுக்கு இதுதான் வசதி. சீட்டு மட்டும் வாரக்கணக்கில் முன்பே எடுங்கள்.

நெல்லைக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அப்பாவிடம் மேற்குக்காற்று அண்ணன் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்ல மாட்டேன், போய்ப் பார்த்துட்டுச் சொல்லுதேன்" என்றார். ஜூன் முடிவாகிவிட்டது. இரண்டு இடமும் போகிறோம். இப்போது பயம் வெயில்தான்.

சாலைவாசி:
ஜூன் என்றால் நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். எட்டு வருடமாக வருடத்தில் நாலு மாதம் ஆர்வியில்தான் இருக்கிறோம், நானும் வீட்டுக்காரரும்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பி மதியம் ஒரு மணிக்கு முன் போய்ச் சேருவதுபோல ஒவ்வொரு நாளையும் போடுங்கள். பாலைவனத்தில் டயர் வெடிப்பது பெரும்பாலும் பிற்பகலில்தான், அதுவும் காற்று குறைவாக இருக்கும் டயர். காலையில் வண்டி எடுப்பதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்துவிடுங்கள். ராத்திரி மின்சார ஹூக்-அப் இல்லாத இடத்தில் ஜூனில் தங்காதீர்கள். ஓசியில் தங்கலாம் என்று அரசு நிலங்களைக் காட்டுவார்கள், அக்டோபரில் சொர்க்கம், ஜூனில் அப்பா அம்மாவோடு வேண்டாம்.

எங்களுக்கு நடந்தது: முதல் வருடம் வாடகைக்கு எடுத்த வண்டியில் ஜெனரேட்டர் ஐந்து நிமிடம் ஓடி நின்றுவிடும். கொடுத்தவர்கள் "நேற்றுதான் சரிபார்த்தோம்" என்றார்கள். நூறு டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் பெட்ரோல் பங்க் நிழலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், மாமியாருக்குத் தலைசுற்றல். அன்றிலிருந்து வண்டியைக் கையில் வாங்கும்போதே ஏசியையும் ஜெனரேட்டரையும் சேர்த்து அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்காமல் நகர்வதில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்பதையும் பாருங்கள். ஜெனரேட்டர் ஓடும்போது யாரும் உள்ளே தூங்க வேண்டாம்.

எரிபொருள்: ஒயிட்ஸ் சிட்டியிலிருந்து எல் பாசோ போகும் 62/180 நெடுஞ்சாலையில் நூறு மைலுக்கு மேல் ஒன்றும் கிடைக்காது. டேங்கை நிரப்பிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். குடிதண்ணீரும் அப்படியே. கழிவுத் தொட்டியை ஒயிட்ஸ் சிட்டியிலேயே காலி செய்துவிடுங்கள். வழியில் குவாடலூப்பே மலைப் பூங்கா வரும். நின்று பார்க்க அருமையான இடம், ஆனால் அங்கே ஹூக்-அப்பும் இல்லை, கழிவு இறக்கும் வசதியும் இல்லை.

இன்னொன்று, நேரம். டல்லஸிலிருந்து நியூ மெக்சிகோ போனால் ஒரு மணி நேரம் பின்னே போகும். அரிசோனாவில் கோடை நேர மாற்றம் கிடையாது, அதனால் ஜூனில் இன்னும் ஒரு மணி நேரம் பின்னே. குகைச் சீட்டு நேரம் போட்டது. போன் கடிகாரம் எல்லைப் பக்கம் குழம்பும், ஒரு கைக்கடிகாரத்தில் குகை நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

மேற்குக்காற்று:
சாலைவாசி அக்கா சொன்னதோடு மழையையும் சேருங்கள். ஜூலையில் பருவமழை தொடங்கிவிடும். 2022 ஆகஸ்ட் கடைசியில் பூங்காச் சாலையில் வெள்ளம் வந்து சுமார் 200 பேர் மேலே மையத்திலேயே மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். ஜூன் முதல் வாரத்தில் பெரும்பாலும் பயமில்லை, இருந்தாலும் காய்ந்த ஓடையில் வண்டியை நிறுத்தாதீர்கள்.

இனி கார்ல்ஸ்பேட் குகை. ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஒரு டாலர் கட்டி நேரச் சீட்டு எடுக்க வேண்டும், நுழைவுக் கட்டணம் அங்கே போய்க் கட்டலாம். உள்ளே இறங்க இரண்டு வழி. ஒன்று 1932இலிருந்து இருக்கும் லிஃப்ட், 754 அடி, ஒரு நிமிடத்தில் கீழே. இன்னொன்று இயற்கை வாசல். ஒன்றேகால் மைல் வளைந்து வளைந்து இறங்கும் செங்குத்துப் பாதை. அப்பாவை லிஃப்டில் அனுப்புங்கள். இறக்கம்தானே என்று நினைக்கக்கூடாது, முழங்காலைக் கொல்வது இறக்கம்தான். நீங்களும் அம்மாவும் நடந்து இறங்கலாம். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போவதையும், பின்னால் வாசல் ஒரு காசளவு சுருங்குவதையும் லிஃப்டில் போகிறவர்களால் பார்க்க முடியாது. கார்ச்னரைப் போல இங்கேயும் பெரிய அறை என்று ஒன்று உண்டு. அதன் சுற்று இன்னொரு ஒன்றேகால் மைல், பெரும்பாலும் சமதளம், நடுவில் குறுக்கு வழியும் உண்டு. உள்ளே வருடம் முழுக்க 13 டிகிரி செல்சியஸ். வெளியே 38 இருக்கும்போது ஸ்வெட்டர் எடுக்க யாருக்கும் தோன்றாது, எடுத்துப் போங்கள்.

முக்கியமாக ஒரு விஷயம். வௌவால்களுக்கு வெண்மூக்கு நோய் என்று ஒன்று பூஞ்சையால் வருகிறது, லட்சக்கணக்கில் சாகடித்திருக்கிறது. ஒரு குகைக்குள் போட்ட செருப்பையும் துணியையும் இன்னொரு குகைக்குள் போடாதீர்கள். நீங்கள் இரண்டு குகை போவதால் ஆளுக்கு இரண்டு ஜோடி காலணி அவசியம்.

கார்ல்ஸ்பேடின் அறைகளுக்குள் வெறும் தண்ணீர் தவிர தின்னவோ குடிக்கவோ ஒன்றும் கூடாது. 2024இல் யாரோ தவறவிட்ட ஒரு சோளப் பொரிப் பை ஈரத்தில் ஊறி, அதில் பூஞ்சை வளர்ந்து, பூச்சிகள் மொய்த்து, அது பாறைகளுக்கும் பரவியது. மனிதர்கள் உதிர்க்கும் நூல்பிசிறையும் முடியையும் பொறுக்கவே தன்னார்வலர்கள் வந்து நாள்கணக்கில் தூரிகையோடு உட்காருகிறார்கள். குழந்தையின் பையில் பிஸ்கட் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் வாசலில் உள்ள கல்படி அரங்கில் உட்கார்ந்து வௌவால் பாருங்கள். கட்டணம் இல்லை. அங்கே போன், கேமரா எல்லாவற்றையும் அணைக்கச் சொல்வார்கள். 1898 வாக்கில் ஜிம் வைட் என்ற மாடு மேய்க்கும் பையன் தூரத்திலிருந்து இதைப் புகை என்று நினைத்து ஓடிவந்துதான் குகைக்குள் இறங்கினான்.

நாடோடிக்குடும்பம்:
கார்ச்னர் பற்றி பாலைக்கிளி எழுதியதைப் பையனுக்கு வாசித்துக் காட்டினேன். பதினான்கு வருட ரகசியம் அவனுக்கு மிகப் பிடித்துவிட்டது, மறுபடி போகலாமா என்கிறான். ஆனாலும் முதியவர்களுக்குத் தூரம் அதிகம் என்பதை நான் மாற்றிக்கொள்ளவில்லை, நடுவில் ஒருநாள் எல் பாசோவில் ஓய்வெடுங்கள். திரும்பும்போது ஐ-10 நெடுஞ்சாலை வழியாக வந்தால் டெக்சஸில் சொனோரா குகை இருக்கிறது. அங்கேயே ஆர்வி நிறுத்தலாம். கல் பூக்கள் எல்லாத் திசையிலும் முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கும். படிகள் அதிகம், அப்பா மேலேயே இருக்கட்டும்.

நெல்லைக்காரன்:
போய்வந்துவிட்டோம். நேற்று இரவுதான் வண்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

சொனோரா போகவில்லை, நாள் இல்லை. எல் பாசோவில் ஒருநாள் தங்கியது நல்லதாகப் போயிற்று.

கார்ல்ஸ்பேடில் நானும் அம்மாவும் நடந்து இறங்கினோம். வாசலில் பகல் முழுக்கக் குருவிகள், தகைவிலான் கூட்டம். மனைவியும் மகளும் அப்பாவோடு லிஃப்டில். கீழே நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய அறையில் குறுக்கு வழி வேண்டாம் என்று முழுச் சுற்றும் நடந்தார், இரண்டரை மணி நேரம், ஒவ்வொரு பெஞ்சிலும் உட்கார்ந்து உட்கார்ந்து. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். பாறையைக் கண்டால் தட்டிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு, அதற்காகத்தான் கட்டிக்கொண்டார் என்பது எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

சுற்று முடியும் தறுவாயில் வெள்ளையாக, மேலிருந்து தண்ணீர் சொட்டித் துளை விழுந்த பெரிய கட்டி ஒன்று. நின்றுவிட்டார். "ஏல, இது ஜிப்சம்லா. சிமெண்டுக்குச் சேக்கது. மேல்கிட்டக்க அவ்வளவு சுண்ணாம்பு, நடுவுல இது எப்படி வந்திருக்கும்? கந்தகம் வந்திருக்கணும்." அண்ணா, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதானே? பக்கத்தில் நின்ற பூங்கா ஊழியரான ரேஞ்சரிடம் நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தப் பெண் அப்பாவைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. பத்து நிமிடம் இருவரும் என் வழியாகப் பேசினார்கள், பிறகு நான் இல்லாமலே கைகாட்டிப் பேசிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வௌவால். முதலில் ஒன்று இரண்டு, அப்புறம் வாசலிலிருந்து இடஞ்சுழியாகச் சுற்றிச் சுற்றி எழும்பி ஒரு கயிறு மாதிரி தென்கிழக்கே போய்க்கொண்டே இருந்தது. சிறகுச் சத்தம் மழை தூறுவதுபோலக் கேட்டது. மகள் ஒரு வார்த்தை பேசவில்லை.

கார்ச்னரில் சிம்மாசன அறையில் 58 அடித் தூண் ஒன்று. அதன் முன்னால் நிற்கும்போது அம்மாவின் நெற்றியில் மேலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. குகை முத்தம் கொடுத்திருக்கிறது என்று வழிகாட்டி சொன்னார். அம்மா அதைத் துடைக்கவே இல்லை, தீர்த்தம் மாதிரி அப்படியே விட்டுவிட்டார். படம் எடுக்க முடியாததால் மகள் ஆர்விக்கு வந்ததும் அந்தத் தூணை வரைந்தாள். குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

பாலைக்கிளி:
படித்துவிட்டு வீட்டில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். மகளுக்கு எப்போது ஏழு வயது முடிகிறது? பெரிய அறை அக்டோபர் நடுவில் திறந்துவிடும். அப்போது வந்தால் வெயிலும் இருக்காது, எங்கள் வீட்டு வாசலிலேயே ஆர்வியை நிறுத்திக்கொள்ளலாம்.

மேற்குக்காற்று:
ஜிப்சம்தான், தம்பி. நான் ஆறு தடவை போய்ப் படித்துத் தெரிந்துகொண்டதை அப்பா நின்ற இடத்திலேயே சொல்லியிருக்கிறார். அவர் ஊருக்குப் போவதற்குள் ஒருநாள் மிட்லண்டுக்கு அழைத்து வாருங்கள். அவரிடம் கேட்க எனக்கு நிறைய இருக்கிறது.